மானுக்கு ஒரு குண்டு, நரிக்கு ஒரு குண்டா? சின்ன ரக ரைஃபிள் தோட்டா எவ்வளவு தூரம் பாயும்? நார்த்தாமலை சொல்லும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையை 2021 டிசம்பர் 30-ஆம் தேதி யாரும் மறந்திருக்க முடியாது. அருகில் உள்ள பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படை வீரர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா வீட்டுக்கு வந்திருந்த 11 வயது சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டையில் முதலுதவி, தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை என்று நான்கு நாட்கள் போராடியும், 2022 ஜனவரி 3-ஆம் தேதி சிறுவன் உயிரிழந்தான். முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார். பயிற்சித் தளம் தற்காலிகமாக மூடப்பட்டது.

அன்று ஊர் மக்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அங்க சுட்ட குண்டு இவ்வளவு தூரம் எப்படி வந்துச்சு?"

அந்தக் கேள்விக்கான பதில், வெளிநாடுகளில் மான் வேட்டைக்கும் நரி வேட்டைக்கும் ஏன் தனித்தனி குண்டு வைத்திருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. நம்ம ஊரில் அந்த வேட்டை ஏன் ஜெயில் வரை கொண்டுபோகும் என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். ஆனால் தோட்டா என்பது முழு உருப்படி. பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, அடியில் பொறி தட்டும் பகுதி, முனையில் குண்டு. சுட்டதும் பறந்து போவது முனையில் இருக்கும் குண்டு மட்டும்தான். கூடு துப்பாக்கிக்காரரிடமே தங்கிவிடும்.

குண்டின் குறுக்களவைத்தான் 'காலிபர்' என்கிறார்கள். பாயிண்ட் 22 என்றால் ஓர் அங்குலத்தில் 0.22 பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 5.6. நம் படைகளில் இருக்கும் இன்சாஸ் ரைஃபிளின் 5.56 மி.மீ. குண்டும் கிட்டத்தட்ட இதே பருமன்தான். பென்சிலை விடக் கொஞ்சம் ஒல்லி.

ஒரே பருமன், ஆனா பத்து மடங்கு பலம்

இங்கேதான் பலரும் ஏமாந்து போவார்கள். பருமன் ஒன்று என்பதால் பலமும் ஒன்று கிடையாது.

* சாதாரண பாயிண்ட் 22 குண்டு: எடை சுமார் 2.6 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 370 மீட்டர், ஆற்றல் 170 முதல் 190 ஜூல்.

* பாயிண்ட் 223 ரைஃபிள் குண்டு: எடை சுமார் 3.6 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 990 மீட்டர், ஆற்றல் சுமார் 1,740 ஜூல்.

எடையில் ஒரு கிராம்தான் வித்தியாசம். ஆற்றலில் ஏறக்குறைய பத்து மடங்கு. காரணம், வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். பள்ளி இயற்பியலில் படித்த அதே கணக்குதான்.

குண்டு எவ்வளவு தூரம் போகும்?

'சின்ன துப்பாக்கிதானே' என்று நினைக்கும் பாயிண்ட் 22 குண்டே, வானத்தை நோக்கிச் சாய்த்துச் சுட்டால் ஒன்றரை மைல் வரை, அதாவது சுமார் 2.4 கி.மீ. வரை போகக்கூடும். 5.56 மி.மீ. குண்டு 3 கிலோமீட்டரைத் தாண்டும். குறிபார்த்து அடிக்க முடிகிற தூரம் சில நூறு மீட்டர்தான். ஆனால் குறி தப்பிய குண்டு அந்த எல்லையில் நின்றுவிடாது.

அதனால்தான் சுடும் தளங்களில் இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு வேண்டும். மண் குண்டை விழுங்கிவிடும். பாறை விழுங்காது, திருப்பி விடும். பாறையில் பட்ட குண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கருங்கல் குன்றுகள் நிறைந்த புதுக்கோட்டை மாதிரி நிலத்தில் இதைக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும்.

மானுக்கும் நரிக்கும் ஏன் வேறு வேறு குண்டு?

வேட்டைக்கு அனுமதி உள்ள அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் குண்டின் அமைப்பைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். முக்கியமாக மூன்று வகை.

1. முழு உறைக் குண்டு: ஈயத்தைச் சுற்றி முழுக்க உலோக உறை. ராணுவப் பயன்பாட்டுக்கானது. விரியாமல் ஒல்லியாகத் துளைத்துக்கொண்டு போகும். விலங்கு உடனே சாகாது, காயத்தோடு ஓடிவிடும். பின்னால் நிற்பவருக்கும் ஆபத்து.

2. மெல்லிய உறைக் குண்டு: நரி, கயோட்டி போன்ற சிறிய வேட்டை விலங்குகளுக்கானது. பட்டதும் உள்ளேயே சிதறிவிடும். இதை மான் மீது பயன்படுத்தினால், தோள் எலும்பில் பட்டு மேலேயே உடைந்துவிடும். பெரிய புண் ஏற்படும், உயிர் போகாது. மான் பல நாட்கள் துடித்துச் சாகும்.

3. மென்முனைக் குண்டு: மானுக்கானது. உறை தடிமனாக இருக்கும், முனை மட்டும் விரியும். ஆழமாகவும் போகும், அகலமாகவும் காயப்படுத்தும். சீக்கிரம் உயிர் போகும்.

இந்த விரியும் குண்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கொல்கத்தா அருகே உள்ள டம்டம் ஆயுதச் சாலையில் ஆங்கிலேயர் காலத்தில் தயாரானதால், இதற்கு 'டம்டம் குண்டு' என்றே உலகம் முழுக்கப் பெயர். போரில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1899 ஹேக் பிரகடனம் தடை போட்டது. மனிதர் மீது கொடூரம் என்று தடுக்கப்பட்ட அதே வகை, வேட்டையில் 'வேதனை குறைவு' என்று கட்டாயமாக்கப்பட்டிருப்பது விசித்திரம்தான்.

சட்டமே அளவு சொல்லும் நாடுகள்

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1991-ஆம் ஆண்டின் மான் சட்டப்படி, பெரிய மான்களைச் சுட குறைந்தது பாயிண்ட் 240 காலிபரும் சுமார் 2,300 ஜூல் ஆற்றலும் வேண்டும். அதாவது பாயிண்ட் 223 போதாது. முன்ட்ஜாக், சீன நீர்மான் போன்ற சிறிய மான்களுக்கு மட்டும் பாயிண்ட் 220 போதும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலமும் பாயிண்ட் 23-க்குக் குறைந்த ரைஃபிளால் மானைச் சுடக் கூடாது என்கிறது. சின்ன குண்டு மானைக் கொல்லாமல் ஊனமாக்கிவிடும் என்பதுதான் அடிப்படைக் காரணம்.

சரி, நம்ம ஊர்ல?

இந்தியாவில் 'எந்தக் குண்டு' என்ற கேள்விக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு, பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. புள்ளிமான், வெளிமான், குள்ளநரி, மயில் எல்லாமே பட்டியலில் வருகின்றன. கொல்வது மட்டும் வேட்டை இல்லை. வலை வைப்பது, கண்ணி கட்டுவது, விரட்டுவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான்.

முதல் பட்டியலில் உள்ள வெளிமான், மயில் போன்றவற்றை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். புள்ளிமான் என்றால் 3 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிமான் வேட்டை வழக்கில்தான் 2018-இல் ஜோத்பூர் நீதிமன்றம் நடிகர் சல்மான் கானுக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அதை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்தார்.

நாட்டுத் துப்பாக்கி வச்சிருந்தா?

கிராமப்புறங்களில் முயல், மயில், மான் வேட்டையில் அடிக்கடி பிடிபடுவது ரைஃபிள் அல்ல, நாட்டுத் துப்பாக்கிதான். குழாய் வாய் வழியாகக் கரிமருந்தைக் கெட்டித்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டுச் சுடுவார்கள். குழாய்க்குள் ரைஃபிள் போலச் சுழல் வரி இருக்காது என்பதால் குண்டு நேராகப் போகும் என்று சொல்ல முடியாது. குழாயே வெடித்துச் சுடுபவரின் கையைப் பறிக்கும் ஆபத்தும் உண்டு.

* உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயுதச் சட்டப்படி 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

* உரிமம் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

* ஏர்கன் என்றால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். ஆற்றல் 20 ஜூலையோ, அளவு பாயிண்ட் 177-ஐயோ தாண்டினால் உரிமம் தேவை. உரிமமே தேவைப்படாத ஏர்கன்னால் மயிலைச் சுட்டாலும் வன உயிரினக் குற்றம்தான்.

பயிரை அழிக்கும் பன்றிக்கு என்ன வழி?

விவசாயிகளின் இந்தக் கேள்வி நியாயமானது. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க ஆயுதச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அந்த உரிமம் விலங்கைக் கொல்வதற்கான அனுமதி அல்ல.

காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.-க்கு அப்பால் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையினர் மட்டும். விவசாயி செய்ய வேண்டியது, சேதத்தை வனத்துறையிடம் தெரிவித்து இழப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது.

வயலில், கண்மாயில், குன்றடியில் வெடிக்காத தோட்டாவோ குண்டோ கிடைத்தால் கையால் எடுக்காதீர்கள். குழந்தைகளை விலக்கி வைத்துவிட்டு 112-க்கு அழைத்துச் சொல்லுங்கள். கிடந்த இடம், நேரம் இரண்டும் விசாரணைக்கு முக்கியம்.

நார்த்தாமலை சிறுவனை யாரும் குறிவைக்கவில்லை. யாரோ சுட்ட குண்டு தன் வழியில் போய்க்கொண்டிருந்தது, அந்த வழியில் ஒரு வீடு இருந்தது. துப்பாக்கி பயிற்சித் தளத்தில் இருந்தாலும், வயல் வரப்பில் இருந்தாலும், சுடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குறிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?