வழிநூல்

முன்னோர் நூலொன்றைப் பின்பற்றிப் பின்வந்தவர் செய்யும் நூல் வழிநூல் எனப்படும். தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், சார்புநூலைச் சேர்த்து மூன்றாக்கியது.

வழிநூல் என்றாலே தரம் குறைந்தது என்று எண்ணுவது பிழை. முதல்நூலின் பொருளோடு ஒத்திருப்பதோடு, தான் வேண்டும் வேறுபாட்டையும் வழிநூலாசிரியன் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல் பாயிரம். அவ்வேறுபாடு அழியாத மரபுடையதாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பழஞ்சூத்திரங்களை அப்படியே எடுத்தாளுவதையும் அது ஏற்கிறது. முன்னோர் கருத்தோடு அவர்கள் சொல்லும் காக்கத் தக்கது என்பது அதற்குக் காட்டும் காரணம். நன்னூலே தொல்காப்பியத்தின் வழிநூல்தான்.

இவ்விலக்கணத்துக்குக் கம்பராமாயணத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. வான்மீகியின் கதையைத் தழுவுவதைக் கம்பர் மறைக்கவில்லை. ஆனால் அவர் காப்பியத்தில் வில் முறியும் முன்பே மிதிலையில் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் காண்கிறார்கள். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரின் இராவணன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். வீடணன் இராவணனுக்குச் சொல்லும் இரணியன் வதை வான்மீகியில் இல்லவே இல்லை. கதை பழையது, காவியம் புதியது.

விரித்தலுக்குப் பெரியபுராணம் சான்று. சுந்தரர் 11 பாடல்களில் பாடிய திருத்தொண்டத் தொகையை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக வகுத்தார். சேக்கிழார் 4,000க்கும் மேற்பட்ட பாடல்களில் விரித்தார்.

இந்நூல்கள் எழுதப்பட்ட பனையோலை நெடுங்காலம் நிற்பதில்லை. பெயர்த்தெழுதாத ஏடு செல்லரித்துப் போகும். ஆகவே ஒரு நூலை எடுத்தாளுவது அதைக் காப்பதாகவும் அமைந்தது. எதிர்த்து எழுதியவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். பௌத்தக் காப்பியமான குண்டலகேசியை மறுக்கச் சமணர் செய்த நூல் நீலகேசி. குண்டலகேசியின் முழு ஏடு கிடைக்கவில்லை; எஞ்சியவை 19 செய்யுள்களே. அதன் கதையையும் வாதத்தையும் பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி, நீலகேசியும் அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையும் தந்தது.