முதல் மடக்கு எண்ணெய்

போன எபிசோடுக்கு வந்த மெயில்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு: "வருஷக்கணக்கா நின்ன பழைய பைக்கை எடுத்து ஒரே கிக்ல ஸ்டார்ட் பண்ற வீடியோ எல்லாம் நிஜமா?" சில நேரம் நிஜம்தான். ஆனா அந்த ஒரு கிக்கோட விலை என்னன்னு வீடியோ சொல்றதில்ல. இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப் போறோம்.

எங்க பெரியப்பாவோட புல்லட் ஆலங்குடி வீட்டுத் தாழ்வாரத்துல ஆறு வருஷமா நின்னுச்சு. அவர் போனதுக்கப்புறம் யாரும் தொடல. போன பொங்கலுக்கு நான் பெட்ரோல் ஊத்தி, கிக்கர் மேல கால் வெச்சேன். வண்டியைப் பார்க்க வந்திருந்த மெக்கானிக் அண்ணன் சாவியையே எடுத்துட்டார். "தம்பி, தொண்டை காஞ்சு கெடக்குறவனை ஓடச் சொல்றீங்க. முதல்ல ஒரு மடக்கு குடுங்க."

அந்த ஒரு மடக்குக்குப் பின்னால நூறு வருஷத்துக்கு மேல கதை இருக்கு.

1900-களோட ஆரம்பத்துல வந்த மோட்டார் சைக்கிள்கள்ல எண்ணெயைத் தானா அனுப்புற பம்ப் பெரும்பாலும் கிடையாது. ஓட்டுறவர்தான் பம்ப். டேங்க் பக்கத்துல ஒரு கைப்பம்ப் இருக்கும். சில மைலுக்கு ஒருமுறை அதை அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்கணும். மறந்தா எஞ்சின் இறுகிடும், அதிகமா அழுத்தினா புகை மண்டலம். உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. கொஞ்சம் எரியும், மிச்சம் ரோட்டுல சொட்டும்.

இங்கிலாந்துல ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டு, இந்த வேலையை மனுஷன் கையிலிருந்து சீக்கிரமே எடுத்துக்கிட்ட கம்பெனிகள்ல ஒண்ணு. 1913 வாக்குலயே அவங்க வி-ட்வின் வண்டியில எண்ணெய் தானா போய்த் தானா திரும்பி வந்துச்சு. இதுக்கு 'டிரை சம்ப்'னு பேர். எஞ்சினோட அடிவயித்துல எண்ணெய் தேங்கி நிக்காது. ஒரு பம்ப் டேங்கிலிருந்து எண்ணெயை அனுப்பும், இன்னொரு பம்ப் கீழே வடிஞ்சதை உறிஞ்சித் திருப்பி அனுப்பும்.

அந்த யோசனைதான் கப்பலேறி மெட்ராஸ் வந்துச்சு. 1950-களோட ஆரம்பத்துல இந்திய ராணுவத்துக்காக மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமா 350 சிசி புல்லட்டுகள் வந்தன. 1955-ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல தொழிற்சாலை. முதல்ல பார்ட்ஸ் வரவழைச்சுப் பூட்டினாங்க, பிறகு எல்லாத்தையும் இங்கேயே செஞ்சாங்க. 1970 வாக்குல இங்கிலாந்துக் கம்பெனியே மூடியாச்சு. திருவொற்றியூர் மட்டும் அதே எஞ்சினைச் சின்னச் சின்ன மாற்றங்களோட செஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதனாலதான் 1986 மாடலான பெரியப்பா வண்டிக்குள்ள 1950-களோட எஞ்சின் இருக்கு.

சரி, அந்த எஞ்சின்ல என்ன சிக்கல்? வலது பக்கத்து டைமிங் கவருக்குள்ள ரெண்டு சின்ன பிளஞ்சர் பம்ப். கிராங்க் முனையில இருக்கிற வார்ம் கியர்தான் ரெண்டையும் ஓட்டுது. அனுப்புற பம்புக்கும் கிராங்க்குக்கும் நடுவுல ஃபில்டர் அறை இருக்கு. ஃபில்டர் மாத்தினா அந்த அறை காலி. அது நிரம்புற வரைக்கும் எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாது. அங்கே இருக்கிறதோ உருளை பேரிங் இல்ல, மிதக்கும் புஷ். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவுல மெல்லிசா ஓடுற எண்ணெய்ப் படலம்தான் அதோட உயிர். படலம் இல்லாம எஞ்சினை முறுக்கினா, சில நொடியிலேயே தேய்மானம் ஆரம்பிச்சிடும்.

ரொம்ப நாள் நின்ன வண்டியில இன்னொரு ஏமாத்தும் இருக்கு. டேங்க் எண்ணெய், பம்ப் இடுக்கு வழியா மெல்ல மெல்ல கீழே கசிஞ்சிடும். டிப்ஸ்டிக்ல பார்த்தா எண்ணெய் கம்மியா தெரியும். "குறைஞ்சிடுச்சு"ன்னு மேல ஊத்தினா, மொத்த எண்ணெய் அளவுக்கு மேல போயிடும்.

அண்ணன் என்ன செஞ்சார்? பழைய எண்ணெயை டேங்க், அடிப்பகுதி ரெண்டுலயும் வடிச்சார். புது ஃபில்டர் போட்டார். மூடுறதுக்கு முன்னால அந்த அறையை எண்ணெய்க் கேனால நிரப்பினார். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, சிலிண்டருக்குள்ள கொஞ்சம் எண்ணெய் விட்டார். டைமிங் கவர்ல இருக்கிற சின்ன பிளக்கை லூஸ் பண்ணிட்டு, "இப்ப மிதிங்க"ன்னார். அமுக்கம் இல்லாததால கிக்கர் லேசா போச்சு. மிதிச்சேன், மிதிச்சேன். எண்ணி முடியல. கடைசியா பிளக் ஓரத்துல குமிழி குமிழியா காத்து வந்துச்சு. அப்புறம் குமிழி இல்லாம எண்ணெய். பிளக்கை இறுக்கினார், ஸ்பார்க் பிளக்கை மாட்டினார்.

அதுக்கப்புறம்தான் சாவி என் கைக்கு வந்துச்சு. வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரைத் தொடவிடல. எண்ணெய் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கச் சொன்னார். உள்ளே விட்டு விட்டுத் துப்புற மாதிரி எண்ணெய் திரும்பி வந்துக்கிட்டிருந்துச்சு. நம்ம பாஷையில சொன்னா, பிங் அனுப்பினதுக்குப் பதில் வந்தாச்சு. அடியில இருந்த பழசை முழுசா வடிச்சாச்சு இல்லையா? அதனால இப்போ திரும்புற எண்ணெய், போக வேண்டிய இடத்துக்குப் போயிட்டுத்தான் வருது.

வீட்டுல இதைச் சொன்னப்ப அம்மாச்சிக்கு ஆச்சரியமே இல்ல. "கெணத்து மோட்டாருக்குத் தண்ணி ஊத்துற மாதிரிதானே?" அதேதான். இந்தச் செம்மண் பக்கம் கிணத்துல ஆயில் எஞ்சின் ஓடின காலத்துல, முதல்ல பம்புக்குள்ள குடம் குடமா தண்ணி ஊத்தணும். ஃபுட் வால்வு கசிஞ்சா சாணியைக் கரைச்சு ஊத்துவாங்க. காத்தை மட்டும் வெச்சுக்கிட்டு அந்தப் பம்பால தண்ணியை இழுக்க முடியாது. நீர்மட்டம் கீழே போச்சு, ஆழ்துளைக் கிணறும் சப்மெர்சிபிளும் வந்துச்சு. தண்ணிக்குள்ளயே மூழ்கிக் கிடக்கிற மோட்டாருக்கு யாரும் தண்ணி ஊத்த வேண்டியதில்ல.

புல்லட்டுக்கும் அதுதான் நடந்துச்சு. புகை விதிகள் இறுக, 2010 வாக்குல பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு விடை கொடுத்தாங்க. புது எஞ்சின்ல எண்ணெய் அடியிலேயே, பம்புக்குப் பக்கத்துலயே கிடக்கு. நல்ல முன்னேற்றம்தான், நான் குறை சொல்லல. ஆனா பம்பை ஓட்டுற வேலை கையை விட்டுப் போனப்ப, முதல் மடக்கைக் கொடுக்கணும்கிற நினைப்பும் சேர்ந்து போயிடுச்சு. பழைய எஞ்சின் அதை மறக்கல.

உங்க வீட்டுத் தாழ்வாரத்துலயும் ஒரு தாத்தா வண்டி நின்னா, கேமராவை ஆன் பண்றதுக்கு முன்னால எண்ணெய்க் கேனை எடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.