மலைமேல் எழுந்த பள்ளி: மிஷனெரிகளின் பிள்ளைகளும் நாமும்

பிறநாட்டில் பணிபுரியச் செல்வோர் தம் பிள்ளைகளை எங்கே படிக்கவைப்பது? சென்னையைச் சூழ்ந்துள்ள தொழிற்பகுதிகளில் இவ்வினா இன்று அடிக்கடி எழுகின்றது. திருவள்ளூரில் 1998-இல் ஜப்பானிய நிறுவனமாகிய மிட்சுபிஷியின் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2021-இல் பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயன் கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. இத்தகைய ஆலைகளுக்கு வரும் வெளிநாட்டு அலுவலர்களின் குடும்பங்களுக்குச் சென்னையிலே வாய்ப்பு உண்டு. அமெரிக்கப் பன்னாட்டுப் பள்ளி அங்கே 1995-இல் நிறுவப்பட்டது. ஆயினும் இவ்வினா புதியதன்று. நம் திருச்சபை வரலாற்றில் இதற்கு நீண்ட தொடர்பு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த அமெரிக்க மிஷனெரிகளுக்கு வெப்பமும் நோயும் மட்டுமே துன்பம் தந்தன என்று எண்ணுதல் தவறாகும். பிள்ளைகளைப் பிரிதலே அவர்களுக்குப் பெருந்துயரமாயிருந்தது. இலங்கையில் ஊழியத்தைத் தொடங்கிய டாக்டர் யோவான் ஸ்கட்டர் தம் புதல்வர்களைக் கல்விக்காகக் கடல்கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். அவர்களுள் ஹென்றி மார்ட்டின் மிஷனெரியாகத் திரும்பிவந்து, சகோதரருடன் சேர்ந்து 1853-இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினார். இதனைப் பெருமையோடு கூறும் நாம், இடைப்பட்ட ஆண்டுகளில் அத்தாயும் பிள்ளைகளும் அடைந்த ஏக்கத்தை நினைப்பதில்லை.

1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனார் 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினர். கோடைக்காலத்தில் பல மிஷன்களின் குடும்பங்கள் அங்கே கூடின. தம் மகன் ஷெர்வுட் எடியைக் காண அமெரிக்காவிலிருந்து வந்த மார்கரெட் எடி அம்மையார் அங்கிருந்த தாய்மாரின் குறையை அறிந்தார். 1901-ஆம் ஆண்டில், ஹைக்ளார்க் என்ற விடுதிக் கட்டடத்தில், 13 பிள்ளைகளுடன் ஒரு பள்ளி உருவாயிற்று. அந்நாளில் மலைக்கு மோட்டார் சாலை இல்லை. டோலியிலும் மட்டக்குதிரையிலும் ஏறிச்செல்லவேண்டும். எனினும் சமுத்திரத்தைக் கடப்பதோடு ஒப்பிடுகையில் இது சிறு தூரமே. குன்னூரில் 1899-இல் தொடங்கி, இன்று உதகையில் இயங்கும் ஹெப்ரோன் பள்ளியும் இத்தேவையிலிருந்தே பிறந்தது.

இப்பள்ளியின் நன்மையை மறுப்பாரில்லை. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. மதுரை மிஷனார் 1840-களில் சாதி வேற்றுமையைக் கைவிடாத ஊழியர்களுக்கு எதிராகச் சமபந்தியை வற்புறுத்தி உறுதியாக நின்றவர்கள். கிராமந்தோறும் தமிழ்ப் பள்ளிகளை நிறுவியவர்களும் அவர்களே. அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளோ அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஏற்ற பாடத்திட்டத்தில், பெரும்பாலும் மேலைநாட்டார் பிள்ளைகளிடையே, மலைமேல் பயின்றனர். ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்று கற்பித்தவர்களுக்கு, ஒரே வகுப்பில் பயிலுதல் இயலாமற்போயிற்று. அவர்களைக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. தாய்நாடு திரும்பவேண்டிய பிள்ளைகளுக்கு அந்நாட்டுக் கல்வி தேவைப்பட்டது. எனினும் அன்பும் வேலியைக் கட்டக்கூடும் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. தென்னிந்தியத் திருச்சபையும் அவ்வாண்டிலேயே உருவாயிற்று. பொறுப்புகள் இந்தியர் கைக்கு மாற, மிஷனெரிகளின் தொகை குறைந்தது. யாருக்காகப் பள்ளி தொடங்கப்பட்டதோ அவர்களே அருகிவிட்ட நிலையில், கொடைக்கானல் பள்ளி 1970-களில் பன்னாட்டுப் பள்ளியாகத் தன்னை மாற்றிக்கொண்டது. இந்தியப் பிள்ளைகளும் பிறநாட்டுப் பிள்ளைகளும் அங்கே உடன்பயிலலாயினர். 1976-இல் பன்னாட்டு பக்கலோரியா பாடத்திட்டத்தை இந்தியாவில் முதன்முதலாக ஏற்றதும் அப்பள்ளியே. வேலி தளர்ந்தது உண்மை. ஆனால் பொருள் வசதி என்னும் வேறொரு வேலி இத்தகைய பள்ளிகளைச் சூழ்ந்துள்ளது என்பதையும் மறைத்தலாகாது.

மீண்டும் திருவள்ளூருக்கு வருவோம். கார் ஆலைக்கு வருபவர் மட்டுமே அங்கே அந்நியரல்லர். அம்மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் ஆண்டுதோறும் வருகின்றன; கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும் வடமாநிலத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியா மொழியிலேயே கற்பிக்கும் முயற்சிகள் சில இடங்களில் நடைபெற்றுள்ளன. தாய்மொழி வேறு, ஊர் வேறு, சில மாதங்களில் திரும்பவேண்டிய கட்டாயம் வேறு: எடி அம்மையார் கண்ட தாய்மாரின் கவலையும் இதுவே. அன்று 13 பிள்ளைகளுக்காக ஒரு தாய் எழுந்தார். இன்று நம் சபைகளின் வாசலருகே செங்கல் சுமக்கும் பிள்ளைகளுக்காக எழ வேண்டியவர் யார் என்பதே நம்முன் நிற்கும் வினா.