நிலவுரிமையும் ஆராதனை மேடையும்: திருவையாற்றுச் சபைகளின் வரலாற்றை முன்வைத்து ஒரு வாதம்

கலைகளைப் பேணும் பொருட்டு ஓர் ஊரில் நிறுவப்பெறும் தரும ஸ்தாபனம் அவ்வூராருக்கு எவ்வகையில் பயன்படுகிறது என்று கேட்டால், அது நடத்திய கச்சேரிகளின் எண்ணிக்கையையும், அதன் மேடையேறிய வித்வான்களின் பெருமையையும், வந்து கூடிய ஜனத்திரளையும் எடுத்துக்காட்டி விடையிறுப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பொன்விழா மலர்கள் யாவும் இந்த மார்க்கத்தையே பின்பற்றுகின்றன. மலர் என்பது வாழ்த்துவதற்கென்றே அச்சிடப்படுவதாகையால் அதன்மேல் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் ஆராய்ச்சி செய்ய முற்படுவோன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்த மேடை நிற்கும் மண் யாருக்கு உரியது, அதன்மேல் ஏறுவதற்கு யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை, இவ்விரண்டுக்கும் இடையே உள்ள சம்பந்தம் யாது என்பனவே அவை. திருவையாற்றில் நூறாண்டுக்கு மேலாக நடைபெற்றுவரும் தியாகராஜ ஆராதனையின் வரலாற்றை இந்த நோக்குடன் படிப்போமாயின், அங்கே கதவு திறந்ததற்குக் காரணம் நிர்வாகிகளின் நல்லெண்ணம் மட்டும் அன்று, நிலத்தின் உரிமையும் அதன்மேல் எழுதப்பட்ட சாசனமும் அதனினும் பெரிய காரணங்கள் என்பது புலனாகும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தஞ்சைக்கு வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் காவிரிக்கரையில் அமைந்த திருவையாறு, ஆராதனையால் பெயர் பெற்ற ஊர் அன்று. ஆராதனை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஐயாறப்பர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சித்திரை மாதத்தில் ஐயாறப்பர் பல்லக்கேறிச் சுற்றுப்புறத்துத் தலங்களுக்கு எழுந்தருளும் சப்தஸ்தான விழாவை, ஏழூர் விழா என்று ஊரார் சொல்வர். பல்லக்குச் சுமப்போர், மேளம் வாசிப்போர், மண்டகப்படி செய்வோர், தீவட்டி பிடிப்போர் என ஒவ்வொரு குடிக்கும் அத்தகைய விழாவில் ஓர் இடம் பழைய வழக்கத்தால் வகுக்கப்பட்டிருந்தது. அந்த ஒழுங்கில் மேல் கீழ் என்னும் பேதம் நிரம்ப உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதில் இடம் பெற்றவனை, அவன் எவ்வளவு தாழ்ந்த இடத்தில் நிற்பினும், இவ்வாண்டு நீ வர வேண்டாம் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. கோயில்களோடு பிணைக்கப்பட்டிருந்த தேவதாசிக்கும் ஆடலும் பாடலுமாகிய கைங்கரியம் உரிமையாகவே இருந்தது. சபை என்னும் புதிய ஸ்தாபனமோ பிறப்பால் அமைவதன்று. சிலர் சேர்ந்து சம்மதித்து அமைப்பது. சம்மதத்தால் அமைந்த இடத்தில் சம்மதம் இன்மையால் ஒருவரைப் புறத்தே நிறுத்துவதும் எளிது, அப்படி நிறுத்தப்பட்டவர் முறையிடுவதற்குப் பழைய வழக்கு என்று ஒன்றும் இராது. இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டே பின்வரும் செய்திகளை நோக்க வேண்டும்.

தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று, திருவையாற்றில் சித்தியடைந்தார். இறுதி நாட்களில் சந்நியாசம் ஏற்றமையால் அவரது திருமேனி காவிரிக்கரையில் அடக்கம் செய்யப்பெற்றது. சீடர்கள் பல ஊர்களுக்கும் பிரிந்து சென்றனர். ஆண்டுதோறும் அந்தத் திதியை அவரவர் இல்லத்திலேயே அனுஷ்டித்து வந்தனர். சமாதியோ கவனிப்பாரற்றுப் பாழடைந்தது. 1903-இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைக் கண்டு செப்பனிட்டனர். அதற்குப் பின் சில ஆண்டுகளுக்குள் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும் முன்னின்று ஆராதனையைப் பொது உற்சவமாக நடத்தத் தொடங்கினர். தொடங்கிய வேகத்திலேயே பிணக்கும் தொடங்கிற்று. பெரிய கட்சி, சின்ன கட்சி என இரு பிரிவுகள் தோன்றித் தனித்தனியே பொருள் திரட்டித் தனித்தனியே உற்சவம் நடத்தின. பிற்காலத்தில் முன்னதற்கு மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையும் பின்னதற்குச் சூலமங்கலம் வைத்தியநாத பாகவதரும் தூண்களாக நின்றனர். ஒரே மகானுக்கு ஒரே ஊரில் இரண்டு உற்சவங்கள். தமிழ்நாட்டில் சபை நடத்திய எவருக்கும் இது வியப்பளிக்காது.

இக்கட்சிகள் ஊருக்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமன்று. சென்னை நகரத்துச் சபைகள் அங்கத்தினர் சந்தாவையும் டிக்கெட்டையும் ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த அதே காலத்தில், திருவையாற்றில் கேட்போரிடம் காசு வாங்கும் வழக்கம் ஏற்படவில்லை; பாடுவோரும் சம்பாவனை கருதி வரவில்லை. பெரும் புகழ் வாய்ந்த வித்வானும் நேற்று அரங்கேறிய இளைஞனும் அங்கே சிறிது நேரமே பாடி அஞ்சலி செய்துவிட்டு இறங்க வேண்டும் என்பது இன்றளவும் மரபு. நகரத்தில் முன்வரிசை நாற்காலிக்குரியவர் மட்டுமே அணுகிக் கேட்கக்கூடிய சங்கீதத்தை, வயலில் வேலை முடித்து வந்த குடியானவனும் சந்தைக்கு வந்த வியாபாரியும் தரையில் அமர்ந்து கேட்கலாயினர். உஞ்சவிருத்தியாகத் தெருவில் பாடிச் செல்லும் கோஷ்டி வீட்டு வாசலுக்கே வந்தது. கேள்வி ஞானம் என்று நாம் போற்றும் பொருள் குருகுலத்தில் மட்டும் விளைவதன்று. இத்தகைய இலவசக் கேள்வியாலும் விளைவது. காவிரிப் படுகையில் எழுத்தறியாதவரும் ராகம் சொல்லுவர் என்று முதியோர் பெருமை பேசுவதில் சிறிது மிகை இருக்கலாம். முற்றும் பொய் என்று தள்ளுவதற்கும் எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இவ்வளவு தாராளமாகக் கேட்போரை ஏற்ற அந்த உற்சவங்கள் பாடுவோர் விஷயத்தில் தாராளமாக இருக்கவில்லை. இரு கட்சிகளும் பற்பல விஷயங்களில் மாறுபட்டனவாயினும் ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன: பெண்கள் பாடுவதற்கு இரண்டு மேடையிலும் இடமில்லை. அக்காலத்தில் மேடையேறிப் பாடிய பெண்கள் பெரும்பாலும் தேவதாசி குலத்தினர் என்பதே இந்த விலக்கின் உட்பொருள். பழைய கோயில் ஒழுங்கு இழிவுபடுத்திக்கொண்டேனும் ஓர் இடம் தந்தது. பக்தியின் பெயரால் எழுந்த புதிய சபை அந்த இடத்தையும் தரவில்லை.

இங்கேதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் நம் ஆராய்ச்சிக்குள் நுழைகிறார். 1878-இல் பிறந்து, மைசூரிலும் பெங்களூரிலும் பெயர் பெற்று, பின்பு சென்னையில் பெரும் புகழும் செல்வமும் ஈட்டிய இவ்வம்மையார், சங்கீத விதுஷி மட்டுமல்லர்; முத்துப்பழனி இயற்றிய தெலுங்குக் காவியமாகிய ராதிகா சாந்த்வனத்தை 1910-இல் பதிப்பித்து, அது ஆபாசம் என்று அரசாங்கத்தாரால் தடை செய்யப்படுவதையும் கண்டவர். சட்டம் என்பது எழுத்தில் இருப்பதன் வலிமையை அவர் அப்பொழுதே உணர்ந்திருப்பார் என்று கொள்வது என் ஊகம். சமாதியின் சீர்கேட்டைப் பற்றித் தம் குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதம் 1921-இல் அவருக்குக் கிடைத்தது. வேறொருவராயின் இரு கட்சிகளுள் ஒன்றுக்கு நன்கொடை அனுப்பி, உபயதாரர் வரிசையில் தம் பெயரைக் கண்டு திருப்தியடைந்திருப்பார். அம்மையாரோ சமாதி இருந்த நிலத்தை முறைப்படித் தம் உரிமைக்குக் கொண்டுவந்தார். அவ்வாண்டிலேயே அஸ்திவாரமிட்டு, தம் நகைகளையும் சொத்துக்களையும் செலவிட்டுக் கோயில் எழுப்பி, கும்பாபிஷேகமும் செய்வித்தார். சென்னை வாசத்தைத் துறந்து திருவையாற்றிலேயே குடியேறினார்.

கோயில் கட்டியவர் அவர்; அதன் முன்னே நடந்த உற்சவத்தில் பாடும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. இந்த விபரீதத்தைக் கண்ணீரோடு சகித்துக்கொண்ட பக்தையாக அவரைச் சித்திரிக்கும் கதைகள் பல உள. அவை வரலாற்றுக்குப் பொருந்துவன அல்ல. அவர் 1920-களின் பிற்பகுதியில் பெண் கலைஞர்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறத்தில் தனி உற்சவம் ஒன்றைத் தொடங்கினார். பெண்கள் கட்சி என்று அதற்குப் பெயராயிற்று. இரண்டு கட்சிகள் மூன்றாயின. மற்ற இரு கட்சிகளிடமும் வித்வான்கள் இருந்தனர், நன்கொடையாளர் இருந்தனர், பல ஆண்டு வழக்கம் இருந்தது. மூன்றாவது கட்சியிடம் இருந்தது நிலம். சமாதிக் கோயிலுக்குள் நடக்கும் பூஜையும் வழிபாடும் உடையவரின் இசைவின்றி நடவா என்பதால், விலக்கியவர்களே விலக்கப்பட்டவரிடம் ஆண்டுதோறும் வந்து நிற்க வேண்டிய நிலை உண்டாயிற்று.

1940-இல் எஸ். ஒய். கிருஷ்ணசாமி, முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலியோரின் பெருமுயற்சியால் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. 1941 முதல் ஸ்ரீ தியாகப்பிரம்ம மகோற்சவ சபையின் பெயரால் ஒரே ஆராதனை நடந்தது. அதில் பெண்களும் பாடினர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கிருதிகளை அனைவரும் சேர்ந்து பாடும் முறையும் ஆராதனையின் சிகரமாக நிலைபெற்றது. இந்த ஒற்றுமையைக் காலத்தின் போக்கு என்று விளக்குவோர் உளர். சென்னையில் பெண்களின் கச்சேரி அதற்குள் சாதாரணமாகிவிட்டது, எம். எஸ். சுப்புலட்சுமியும் டி. கே. பட்டம்மாளும் புகழேணியில் ஏறிவிட்டனர், திருவையாறு மட்டும் எத்தனை காலம் எதிர்த்து நிற்கும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காலத்தின் போக்கு பெண்களுக்கு மேடை கிடைத்ததை மட்டுமே விளக்கும். சமரசம் பேசியோர் மூன்றாவது கட்சியைச் சம பங்காளியாக வைத்துப் பேச நேர்ந்ததை அது விளக்காது. ஜனங்களின் மனம் மாறியிருந்தால் பெண்கள் கட்சியை அழையாமலேயே இரு கட்சிகளும் கூடி, தாமாக மனமிரங்கி, சில பெண் கலைஞர்களுக்கு அனுமதி தந்திருக்கலாம். அனுமதி என்றால் அடுத்த ஆண்டே திரும்பப் பெறத்தக்கது. நடந்தது அவ்வாறன்று, உரிமை உடைய ஒருவரோடு செய்துகொண்ட உடன்பாடு.

இதனை அம்மையாரும் நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு அவரது உயிலே சான்று. தம் சொத்துக்களைச் சமாதிக் கோயிலின் பரிபாலனத்துக்கென ஒரு டிரஸ்டுக்கு ஒப்புவித்த அவர், தேவதாசிக் குலத்தார் உள்ளிட்ட பெண்கள் அங்கே வழிபடவும் கலைத் தொண்டு செய்யவும் தடை இருத்தலாகாது என்பதையும் அதிலேயே வரைந்து வைத்தார். தேவதாசி முறையை ஒழிக்கும் மசோதாவுக்கு எதிராக 1920-களில் தம் குலத்துப் பெண்களை ஒன்றுகூட்டிய அதே கை எழுதிய சாசனம் இது. அம்மசோதாவுக்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியாரின் சீர்திருத்தத்தை ஆதரிப்போருக்கு இது முரணாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குலத்தின் பெயரால் தங்களுக்கிருந்த மானியமும் கைங்கரிய உரிமையும் பறிபோவதை எதிர்த்தவர், பறிபோகாத வேறோர் உரிமையைத் தம் பொருளாலேயே ஏற்படுத்திவிட்டு 1952-இல் மறைந்தார். அவரது நினைவிடம் சுவாமிகளின் சந்நிதிக்கு எதிரிலேயே அமைந்திருக்கிறது.

தருமச் சொத்தின் ஆட்சியே தருமத்தின் வாயிலை நிர்ணயிக்கிறது என்பதற்கு அதே ஊரில் இன்னொரு சான்றும் உண்டு. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார் விட்டுச்சென்ற சத்திர மானியங்களின் வருவாயால் நடந்த திருவையாற்றுக் கல்லூரி, நெடுங்காலம் சமஸ்கிருதக் கல்விக்கே உரியதாக இருந்தது. அந்தச் சத்திரங்களின் நிர்வாகம் ஜில்லா போர்டிடம் இருந்தது. ஏ. டி. பன்னீர்செல்வம் போர்டுத் தலைவரானபொழுது, கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரம் பிள்ளை முதலியோரின் தூண்டுதலோடு, அங்கே தமிழும் கற்பிக்கப்படலாயிற்று. அக்கல்லூரிக்குத் தமிழ்மேல் திடீரென்று பற்று உண்டாகவில்லை; கணக்குப் புத்தகத்தை வைத்திருந்தவர் மாறினார்.

இனி, இவ்வாதத்தின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். ஆராதனை மேடையில் சுவாமிகளின் கிருதிகளே பாடப்பெறும் என்பது மரபு. 1946-ஆம் ஆண்டு ஆராதனையில் எம். எம். தண்டபாணி தேசிகர் விநாயகர்மேல் தமிழ்ப் பாடல் ஒன்றைப் பாடியதும், மேடையின் தூய்மை கெட்டுவிட்டது என்னும் பேச்சு எழுந்ததும், அது பத்திரிகைகளில் பெரும் சர்ச்சையாக மூண்டதும் அறியப்பட்ட செய்தி. ஒரு வாக்கேயகாரரின் ஆராதனையில் அவர் பாடல்களையே பாடவேண்டும் என்ற நியதியில் பிழை காண முடியாது. தூய்மை என்ற சொல்லை அந்த நியதிக்குக் காவலாக நிறுத்தியதில் பிழை காணலாம். ஐந்தே ஆண்டுகளுக்கு முன் பெண்களுக்கு இடம் தந்த அதே மேடை இந்த விஷயத்தில் அசையாமல் நின்றதற்குக் காரணம் தேடினால், நம் பழைய இடத்துக்கே வந்து சேருகிறோம். தமிழ்ப் பாடலின் சார்பில் அந்தக் காவிரிக்கரையில் ஒரு குழி நிலம் வைத்திருந்தவர் எவரும் இல்லை. தமிழிசை இயக்கத்தார் வேறிடத்தில் தமக்கெனச் சொத்து ஏற்படுத்திக்கொள்ள நேர்ந்தது. இச்சர்ச்சைக்கு முன்பே, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்திருந்தது. 1952-இல் ராஜா அண்ணாமலை மன்றம் திறக்கப்பெற்றபொழுது, எந்த மொழியில் பாடுவது என்று பிறர் எவரையும் கேட்க வேண்டாத மேடை அவர்களுக்கும் கிடைத்தது.