பல்வலி

பல்வலி என்பது பல்லிலோ, பல்லைத் தாங்கும் ஈறு, தாடை எலும்பு ஆகியவற்றிலோ தோன்றும் வலி ஆகும். இது தனியொரு நோயன்று, நோயின் அறிகுறியே. பெரும்பாலான பல்வலிக்குப் பற்சொத்தையே காரணம். தமிழகத்தில் சொத்தைப்பல், பூச்சிப்பல் என்றும், இலங்கையில் சூத்தைப்பல் என்றும் இதனை வழங்குவர். உலக நலவாழ்வு அமைப்பின் 2022 ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய் நோய்களுடன் வாழ்வதாகக் கூறுகிறது. இவர்களில் ஏறத்தாழ 200 கோடிப் பேருக்கு நிலைப்பற்களில் சொத்தை உண்டு.

காரணங்கள்

வாயிலுள்ள சிலவகைப் பாக்டீரியாக்கள், குறிப்பாக இசுட்ரெப்டோகாக்கசு மியூட்டன்சு, உணவிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை மிகுந்து காரகாடித்தன்மைச் சுட்டெண் ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது, பற்சிப்பி எனப்படும் எனாமல் கரையத் தொடங்குகிறது. எனாமலில் நரம்பு இல்லாததால் இந்நிலையில் வலி இருப்பதில்லை. அடுத்த அடுக்கான தந்தினியை அரிப்பு எட்டியதும் குளிர்ந்த நீரும் இனிப்பும் கூச்சம் தருகின்றன. பல்லின் நடுவே குருதிக் குழல்களும் நரம்பும் அடங்கிய பற்கூழை அது எட்டும்போதுதான் தாங்கொணா வலி எழுகிறது.

உடலின் வேறிடத்தில் அழற்சி ஏற்பட்டால் அவ்விடம் வீங்குவதற்கு வழியுண்டு. பற்கூழோ நாற்புறமும் கடினமான சுவருக்குள் அடைபட்டது. வீங்க இடமின்றி அழுத்தம் உள்ளேயே கூடுகிறது. படுத்தால் தலைப் பகுதிக்குக் குருதி ஓட்டம் மிகுவதால் அழுத்தம் மேலும் கூடும். பகலில் பொறுத்துக்கொண்ட வலி இரவில் உறங்க விடாமல் செய்வது இதனாலேயே.

சில நாள் கழித்து வலி தானாக நின்றுவிடுவதும் உண்டு. பலர் இதனை நோய் நீங்கியதாக எண்ணி மருத்துவரிடம் செல்லாது விடுகின்றனர். உண்மையில் பற்கூழ் இறந்துபோனதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். தொற்று வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ்க்கட்டியாக மாறும். அப்பல்லால் கடிக்கும்போது வலி, பல் உயர்ந்துவிட்டது போன்ற உணர்வு, ஈற்றில் சிறு கொப்புளம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

ஈறு நோய், பல்லில் விரிசல், அரைகுறையாக முளைத்த ஞானப்பல்லைச் சுற்றிய அழற்சி ஆகியவையும் காரணமாகலாம். மேல் கடைவாய்ப் பற்களில் ஒருசேர வலி இருப்பின் அது மூக்கையடுத்த காற்றறை அழற்சியாகவும் இருக்கலாம். முக்கிளை நரம்பு வலியைப் பல்வலி எனக் கருதி நல்ல பற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

வலியைத் தற்காலிகமாகத் தணித்தல்

கீழ்க்கண்டவை மருத்துவரைக் காணும் வரை பொழுதைக் கடத்த உதவுவன மட்டுமே. சொத்தையை இவை எதுவும் ஆற்றா.

வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளித்துப் பல்லிடுக்கில் சிக்கிய உணவை அகற்றுதல் முதற்படி. தலையணையை உயர்த்திப் படுத்தலும், கன்னத்தின் வெளிப்புறம் துணியில் சுற்றிய பனிக்கட்டி வைத்தலும் பயன் தரும். கிராம்பு எண்ணெயில் உள்ள யூசினால் நரம்பை மரக்கச் செய்வது. பஞ்சில் ஒரு துளி நனைத்துச் சொத்தைக் குழியில் வைக்கலாம். மிகுதியானால் ஈறு வெந்துவிடும்.

பற்கூழ் அழற்சியின் வலிக்கு இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் நன்கு பயன்படுகின்றன. வளர்ந்தோர் இவ்விரண்டையும் ஒருங்கே உட்கொள்ளும்போது கிடைக்கும் நிவாரணம் தனித்தனியே உட்கொள்வதைவிட மிகுதி. இரைப்பைப் புண், சிறுநீரக நோய் உள்ளோரும், கருவுற்ற பெண்களும், டெங்கு ஐயம் உள்ளவர்களும் இபுபுரூஃபனைத் தவிர்க்க வேண்டும். பாராசிட்டமால் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேற்படலாகாது. ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கும் பல்லருகே அடக்கிக்கொள்ளும் வழக்கம் தவறானது. அது வலியைத் தணிக்காமல் ஈற்றைப் புண்ணாக்கும்.

மருந்துக் கடையில் பலரும் கேட்டு வாங்குவது நுண்ணுயிர் எதிர்ப்பி மாத்திரை. பற்கூழ் அழற்சியில் அதனால் வலி குறைவதில்லை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ உள்ளபோது மட்டுமே மருத்துவர் அதனைத் தருவார். ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் மாத்திரைக்குச் செலவிட்ட தொகையைக் கூட்டிப் பார்த்தால், தொடக்கத்திலேயே சொத்தையை அடைத்திருக்கும் செலவை அது எட்டியிருக்கும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

கன்ன வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவுதல், வாய் திறக்க இயலாமை, விழுங்குவதிலும் மூச்சு விடுவதிலும் இடர், கடுங்காய்ச்சல் ஆகியவை இருப்பின் காத்திருக்கலாகாது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடிப்பகுதிக்குப் பரவி மூச்சுக்குழலை அடைக்கும் நிலை இலுட்விக் நோய் எனப்படும். இது உயிரைப் பறிக்க வல்லது. உழைக்கும்போது கீழ்த்தாடையில் தோன்றி, ஓய்ந்தால் நீங்கும் வலி இதய நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

சிகிச்சையும் செலவும்

சொத்தை எனாமலிலும் தந்தினியிலும் நிற்கும்போது அரித்த பகுதியை நீக்கி அடைத்துவிடலாம். செலவு சிறிது, ஒரே நாளில் முடியும். பற்கூழ் கெட்டபின் இரு வழிகளே உள்ளன. ஒன்று பல்லைப் பிடுங்குதல். மற்றொன்று வேர்ச் சிகிச்சை, அதாவது மக்கள் வழக்கில் ரூட் கேனல். இதில் பற்கூழை அகற்றி, வேர்க் கால்வாய்களைத் துப்புரவு செய்து அடைத்து, பெரும்பாலும் மேலே உறையும் இடுவர். தனியார் மருத்துவமனையில் உறையுடன் சேர்த்து இதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகலாம். கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு கால்வாய்கள் இருப்பதால் உழைப்பும் கட்டணமும் கூடும்.

இதனால் நாட்கூலி பெறுவோர் பலர் காப்பாற்றக்கூடிய பல்லையும் பிடுங்கிக்கொள்கின்றனர். பிடுங்குவது மலிவுதான். ஆனால் இடைவெளியில் பக்கத்துப் பற்கள் சாய்வதும், எதிர்ப்பல் இறங்குவதும், மெல்லும் திறன் குறைவதும் பின்னால் வரும் இழப்புகள். செயற்கைப் பல் கட்டும் செலவு அதன் பின்னரே தொடங்குகிறது. ஞானப்பல்லுக்கு இக்கணக்கு பொருந்தாது. அதனை எடுத்துவிடுவதே பெரும்பாலும் நல்லது.

செலவைக் குறைக்கும் எளிய முறைகளும் உள்ளன. துளைக்கருவியின்றிக் கைக்கருவியாலேயே சொத்தையைச் சுரண்டிக் கண்ணாடி அயனோமர் சிமெந்தால் அடைக்கும் முறை 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவானது. மின்சாரமில்லாத சிற்றூர்களுக்கும் அது ஏற்றது. வெள்ளி டைஅமீன் புளோரைடு என்னும் நீர்மத்தைத் தடவினால் சொத்தை பரவுவது நிற்கும், தடவிய இடம் கறுத்துவிடும். இவ்விரு பொருட்களையும் புளோரைடு பற்பசையையும் உலக நலவாழ்வு அமைப்பு 2021 இல் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

தமிழகத்தில் மருத்துவ வசதி

அரசு மருத்துவமனைகளில் பல் பிடுங்குதல் இலவசம். சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 இல் தொடங்கப்பட்டது. சிதம்பரத்தில் 1980 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய கல்லூரி பின்னர் அரசு வசமானது. புதுக்கோட்டையில் 2023 இல் மற்றொன்று திறக்கப்பட்டது. இவை மூன்றும் மாநிலத்தின் மேற்கு, வடமேற்கு மாவட்டங்களுக்குத் தொலைவில் உள்ளன.

தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்திலுள்ள பொம்மிடியை எடுத்துக்கொள்ளலாம். சேலம்–ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில் அமைந்த ஊர் இது. இங்குள்ளவர் வேர்ச் சிகிச்சைக்குத் தர்மபுரிக்கோ சேலத்திற்கோ பலமுறை சென்றுவர வேண்டியிருக்கும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலியை விழுங்கும். மருத்துவர் கேட்கும் கட்டணத்தோடு இதனையும் சேர்த்தே செலவைக் கணக்கிடல் வேண்டும். முதலில் எத்தனை முறை வர நேரும் என்பதையும், உறைக்குத் தனிக் கட்டணமா என்பதையும் கேட்டுக்கொள்வது நலம். சேலம், திருச்செங்கோடு, குமாரபாளையம் ஆகிய ஊர்களிலுள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் ஒரு வழி. பொதுவாகப் பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை அளிப்பர், நேரம் கூடுதலாகும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கானது. சொத்தை அடைத்தலுக்கு அதனை நம்பியிருக்க இயலாது.

தர்மபுரி மாவட்டத்தில் பற்களைப் பற்றிப் பேசும்போது புளோரைடைத் தவிர்க்க முடியாது. இம்மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு, இந்தியத் தர வரம்பின் உச்சமான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியுள்ளது. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் இந்நீரைப் பருகினால் எனாமலில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. இந்தியாவில் இந்நோய் 1937 இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. இதனைத் தடுக்கக் காவிரி நீரைத் தர்மபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பானிய நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013 இல் தொடங்கிவைக்கப்பட்டது. கறை படிந்த பல் சொத்தைப்பல் அன்று, வலிப்பதும் அரிது. கறைக்காகப் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

நம்பிக்கைகள்

பல்லைப் புழு அரிக்கிறது என்ற எண்ணம் உலகின் பல நாகரிகங்களில் இருந்தது. பூச்சிப்பல் என்னும் தமிழ்ச்சொல்லும் அதனையே காட்டுகிறது. கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, எழும் புகையை வாயில் பிடிக்கும் நாட்டு வைத்தியம் இதனையொட்டியது. பிரான்சு நாட்டுப் பியர் ஃபோச்சார் 1728 இல் வெளியிட்ட நூலில் புழுக் கொள்கையை மறுத்தார். பாக்டீரியா உண்டாக்கும் அமிலமே காரணம் என்ற விளக்கத்தை 1890 இல் மில்லர் அளித்தார்.

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்ற அச்சம் தமிழகத்தில் இன்றும் வலுவாக உள்ளது. பார்வைக்குரியது இரண்டாம் மண்டை நரம்பு. பல்லின் உணர்வுக்குரியது ஐந்தாம் மண்டை நரம்பு. இரண்டும் வெவ்வேறானவை. இவ்வச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே கேடு, ஏனெனில் மேற்பல்லின் சீழ் கண்ணை நோக்கிப் பரவ வல்லது.