ஆட்டுக்குப் பேர் இருக்கு, நாய்க்கு இல்லை

மேச்சேரி என்ற பெயர் தமிழ்நாட்டுக்கு வெளியே தெரிந்திருக்கிறது என்றால் அதற்கு ஓர் ஆடுதான் காரணம். வெளிர் பழுப்பு நிறம், கம்பளி இல்லாத குட்டை மயிர், கிடாவுக்கும் கொம்பு கிடையாது. கறிக்கும் தோலுக்கும் பேர்போன செம்மறி. மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர், தாரமங்கலம் பக்கத்து மேட்டுக்காடுகள்தான் இதன் தாய்வீடு. பொட்டனேரியில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தையில் வாயைத் திறந்து பல் பார்த்தே வயசு சொல்லிவிடுவார்கள் எங்க ஊர்க்காரர்கள். ஆனால் அதே ஆட்டுப்பட்டியின் படலோரம் படுத்திருக்கும் நாயைக் காட்டி, இது என்ன இனம் என்று கேட்டால் சிரிப்பார்கள். "நாயிதானுங்க. பட்டி நாயி."

ஒரு நாய் எப்போது ‘இனம்’ ஆகிறது? இந்தக் கேள்விக்குத் தேதிவாரியாக பதில் வைத்திருக்கும் நாடு பிரான்ஸ். அங்கே ‘பாஸே’ என்று ஒரு மோப்ப வேட்டைநாய்க் குடும்பம் உண்டு. ‘பா’ என்றால் பிரெஞ்சில் தாழ்வு. குட்டைக்கால் நாய் என்று பொருள். 1561இல் ழாக் து ஃபூயூ எழுதிய வேட்டை நூலிலேயே இந்த நாய்கள் வந்துவிடுகின்றன. நரியையும் வளைக்கரடியையும் வளைக்குள் தேடிப் போகிற வேலை அவற்றுக்கு. அப்போது வேட்டை பிரபுக்களின் உரிமை. 1789 ஆகஸ்டில் புரட்சி அந்த உரிமையை ஒழித்தது. குதிரை இல்லாதவனும் வேட்டைக்குக் கிளம்பினான். நடந்து போகிறவனுக்கு மெதுவாக ஓடும் நாய்தானே தோது? குட்டைக்கால் நாய்க்கு மவுசு வந்தது.

1863இல் பாரிஸில் நாய்க் கண்காட்சி நடந்தது, பாஸே உலகத்தின் கண்ணில் பட்டது. 1885இல் நாய்களின் வம்சாவளிக்கென்று ஒரு பதிவேடும் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பாஸே வெறும் வேட்டைநாய் இல்லை. தாய், தகப்பன், தாத்தா பேரோடு கூடிய ஆவணம்.

நம் பக்கம் கதை வேறு. காடும் புதரும் ஈரமும் உள்ள மண்ணில் இரை கண்ணுக்குத் தெரியாது, அங்கே மூக்குதான் வேட்டையாடும். வறண்ட பொட்டல்வெளியில் முயல் ஓடுவது அரை மைல் தூரத்துக்குத் தெரியும். அங்கே கண்ணும் காலும் போதும். அதனால்தான் தென்தமிழ்நாட்டின் சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, பார்த்துத் துரத்துகிற நாய்களாக ஆயின. அவற்றின் வம்சாவளி வளர்த்தவர்களின் நினைவில் மட்டும் இருந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டையை மூடின. தேவையான சட்டம்தான். ஆனால் அந்த நாய்களுக்கு வேலை போயிற்று.

வேலை போன பிறகு அரசாங்கம் பேர் கொடுத்தது. சைதாப்பேட்டையில் அரசு நாய் இனப்பெருக்கப் பிரிவு வந்தது. 2005இல் ராஜபாளையம் தபால்தலையில் ஏறியது. 2020இல் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய விலங்கு மரபு வள அமைப்பின் பதிவேட்டில் சேர்ந்தன. சந்தோஷம். இவை எல்லாம் வேட்டையும் ஜமீனும் கௌரவமும் தொட்ட நாய்கள் என்பதையும் கவனியுங்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்து நரிக்குக் குரைத்த பட்டிநாய் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆட்டுக்கு விலை உண்டு, அதனால் ஆராய்ச்சி நிலையம் வந்தது. வேட்டைநாய்க்கு அந்தஸ்து உண்டு, அதனால் தபால்தலை வந்தது. பட்டிநாயிடம் இருந்தது உழைப்பு மட்டும்.

பேர் கிடைத்துவிட்டால் மட்டும் நாய் பிழைத்துவிடுமா என்றால், அதற்கும் பாஸேயே சாட்சி. கண்காட்சி அழகுக்காகக் காதை நீட்டினார்கள், உடலைத் தாழ்த்தினார்கள். தரையில் புரளும் அந்தக் காதுக்குள் காற்றுப் போகாது. ஈரம் தங்கி சீழ் பிடிக்கும். வாராவாரம் துடைத்துக் காயவைக்க வேண்டும். நீள முதுகு, குட்டைக் கால் என்பதால் உடம்பு கொஞ்சம் பெருத்தாலும் முதுகெலும்பு தாங்காது. சோற்றை அளந்துதான் போடணும். மோப்பம் கிடைத்தால் கூப்பிட்ட குரல் காதில் விழாது, அதனால் கயிறில்லாமல் ரோட்டில் விட முடியாது. ஒரு காலத்தில் வேலைக்காக வந்த உடம்பு, பிறகு அழகுக்காக மிகையாகி, இப்போது மனிதன் கையை எதிர்பார்த்து நிற்கிறது.

பட்டிநாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. காது நிமிர்ந்து நிற்கும், மயிர் குட்டை, மேட்டுக்காட்டு வெயில் பழகிய உடம்பு. களியும் மோரும் ஊற்றினால் கிடக்கும். அதற்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு பட்டி. குட்டியிலிருந்தே ஆட்டோடு வளரும் நாய் ஆட்டைத் தன் கூட்டமாக நினைக்கும். உலகம் முழுக்க மேய்ப்பர்கள் காவல்நாயைப் பழக்குகிற முறை இது.

அந்தப் பட்டி கலைந்தால் என்ன ஆகும் என்பதைக் கொங்கு நாடு சமீபத்தில் பார்த்தது. 2024, 2025இல் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டுக்கு வந்து இழப்பீடு கேட்டார்கள். ஆடு செத்தால் அது ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பட்டியைக் காத்ததும் உடைத்ததும் உடம்பால் ஒரே நாட்டுநாய்தான். ஒன்றுக்கு ஆள் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை.

அதனால் பட்டிநாயை ‘மேச்சேரி நாய்’ என்று பேர் சூட்டிக் கண்காட்சிக்கு ஏற்றச் சொல்லமாட்டேன். அங்கே போனால் காதின் நீளத்தைத்தான் அளப்பார்கள். எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன பதிவேடு: எந்தப் பட்டி, யாருடைய நாய், வெறிநோய்த் தடுப்பூசி எப்போது, கருத்தடை ஆயிற்றா. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட கால்நடை மருத்துவர் எப்படியும் பட்டிக்கு வருகிறார். ஆடுகளை எண்ணி எழுதுகிற அதே நோட்டில், படலோரம் படுத்திருப்பதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.