ஏர்வாடியும் மூளை அழற்சியின் முதல் அறிகுறிகளும்

தன்னுடல் தாக்கும் மூளை அழற்சி என்பது, நோய் எதிர்ப்பாற்றல் சொந்த மூளையையே தாக்குவதால் வரும் நோய். தொடக்கத்தில் மனநோய் போலவே தெரிவதால், தமிழகத்தில் இதன் கதையை ஏர்வாடியை விட்டுச் சொல்ல முடியாது.

கீழக்கரையை அடுத்த ஏர்வாடியில் சுல்தான் செய்யது இப்ராஹிம் ஷஹீது தர்கா இருக்கிறது. பேய் பிடித்தது, செய்வினை வைத்தது என நம்பப்பட்டவர்களைக் குடும்பத்தார் மதம் பாராமல் இங்கே அழைத்து வந்தார்கள். சுற்றிலும் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அவற்றில் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது.

தீ விபத்து நடந்த அந்த ஆண்டில், தன்னுடல் தாக்கும் மூளை அழற்சியின் முக்கிய வகைக்கு உலகில் எங்குமே பெயரில்லை, சோதனையுமில்லை. மருத்துவர் கோர்செல்லிஸ் 1968இல் 'லிம்பிக் மூளை அழற்சி'யை விவரித்திருந்தாலும், அது பெரும்பாலும் புற்றுநோயாளிகளுக்கு வருவதாகவே கருதப்பட்டது. 2005இல் சினைப்பைக் கட்டியோடு மனக்குழப்பமும் கொண்ட நான்கு இளம்பெண்களைப் பற்றி நரம்பியல் மருத்துவர் ஹோசப் தல்மாவ் குழுவினர் எழுதினர். 2007இல், மூளை நரம்பணுக்களின் மேலுள்ள என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளே காரணம் என்று கண்டறிந்தனர்.

இந்த என்எம்டிஏ வகையில் முதலில் சில நாள் காய்ச்சல், தலைவலி. அடுத்து தூக்கம் போகும். யாரோ கொல்ல வருவதாகப் பயம், காதில் குரல்கள், கோர்வையற்ற பேச்சு. பிறகு பேச்சே நின்று, வைத்த இடத்தில் வைத்தபடி உறைந்திருப்பார்கள். வாய் எதையோ மெல்லும், நாக்கு துருத்தும், கை முறுக்கும், வலிப்பு வரும். நேற்றுவரை கல்லூரிக்குப் போன பெண்ணை இப்படிப் பார்க்கும் வீட்டார் தர்காவுக்கு ஓடியதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. மனநோய் மாத்திரை கொடுத்தால் சிலருக்கு உடல் இன்னும் விறைக்கும். அதுவும் ஒரு தடயம்.

வயதானவர்களைத் தாக்கும் எல்ஜிஐ1 என்னும் இன்னொரு வகை வேறு மாதிரி. முகமும் அதே பக்கக் கையும் ஓரிரு நொடி சுண்டி இழுக்கும், நாளுக்குப் பலமுறை. ரத்தத்தில் சோடியம் குறையும், மறதி பின்னால் வரும்.

என்எம்டிஏ வகையில் எம்ஆர்ஐ பல நேரம் இயல்பாகவே இருக்கும்; முதுகுத் தண்டுவட நீரைச் சோதித்தால் பிடிபடும். ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் பலன் தருகின்றன. 577 என்எம்டிஏ நோயாளிகளைப் பற்றிய 2013ஆம் ஆண்டு ஆய்வில், ஐவரில் நால்வர் இரண்டாண்டுக்குள் நன்கு தேறினர். சீக்கிரம் சிகிச்சை பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினர்.

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. ஏர்வாடியில் இப்போது 'தவா துவா' திட்டத்தில் பிரார்த்தனையோடு (துவா) மருந்தும் (தவா) கிடைக்கிறது. காய்ச்சலைத் தொடர்ந்து சில வாரங்களில் ஆளே மாறிப்போனவரை அங்கே அழைத்துச் செல்வோரே, துவா ஓதிய கையோடு நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.